நெகட்டிவ் என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமா?

எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் ஒருவரை வார்ட்டில் நிறுத்திவிட்டால், நாலு நாள் கழித்து வீட்டார் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பீ.சி.ஆர். எடுத்தாங்க, நெகட்டிவ்னு வந்திருச்சி. பிறகும் ஏன் ஊசி போடுறாங்க?" நியாயமான கேள்விதான். கட்டிலுக்குக் கட்டில் ஓடும் டொக்டருக்கு உட்கார்ந்து விளக்க நேரமிருப்பதில்லை. விளக்கம் கிடைக்காததால் சிலர் துண்டை வெட்டிக்கொண்டு வீட்டுக்கும் போய்விடுகிறார்கள். ஆகவே அந்த நெகட்டிவ் எப்படிப் பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிடலாம்.

நாட்டில் எலிக்காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாவட்டங்களைக் கேட்டால் இரத்தினபுரியும் கேகாலையும் தவறாமல் வரும். லெப்டோஸ்பைரா என்ற பற்றீரியா எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து, சிறுநீரோடு வெளியே வந்து, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் உயிரோடு கிடக்கும். காலில் ஒரு கீறல் இருந்தால் உள்ளே போய்விடும். வயலும் மாணிக்கக் குழியும் இதற்குப் பேர்போன இடங்கள். ஆனால் தோட்டத்தில் கான் வெட்டுகிறவருக்கும், பால்வெட்டு முடித்துப் பின்னேரம் நாட்டுப் பக்கம் வயல் வேலைக்குப் போகிறவருக்கும் அதே சேறுதான். 2008இல் இலங்கை முழுதும் 7,000க்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் நோயாளிகளாகப் பதிவானார்கள். 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பதிவானவர்களில் பெரும்பாலோருக்கு நோயைச் சொன்னது ஆய்வுகூடம் அல்ல, அறிகுறியைப் பார்த்த டொக்டர்தான்.

ஆய்வுகூடத்தில் இரண்டு வழிகள் உண்டு. பழைய வழியில், நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை உயிருள்ள லெப்டோஸ்பைராவோடு கலந்து, அவை ஒன்றோடொன்று திரள்கின்றனவா என்று நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். திரண்டால் உடல் எதிர்ப்பொருளைத் தயாரித்திருக்கிறது. அதற்கு உடலுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். பீ.சி.ஆர். கிருமியின் டீ.என்.ஏ.யையே தேடுவது. கிருமி இரத்தத்தில் ஓடுவது பெரும்பாலும் முதல் வாரத்தில்தான். அதற்குப் பிறகு எதிர்ப்பொருள் வந்து அதை இரத்தத்திலிருந்து விரட்டிவிடும். அதாவது ஒரு பரிசோதனைக்கு நேரம் வரும்போது மற்றதற்கு நேரம் போய்விடுகிறது.

பீ.சி.ஆர். என்றால் பெரிய மெஷின், குழாயை உள்ளே வைத்தால் பதிலைச் சொல்லிவிடும் என்று கொவிட் காலத்திலிருந்து நமக்கெல்லாம் ஒரு நினைப்பு. ஆனால் அந்த மெஷினுக்கு இரத்தத்தைக் கண்டாலே ஆகாது. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற பொருள், டீ.என்.ஏ.யைப் பிரதி எடுக்கும் நொதியத்தை முடக்கிவிடும். இரத்தத்தில் உள்ள வேறு சில புரதங்களும் அப்படித்தான். ஆகவே மெஷினுக்குப் போகுமுன் டீ.என்.ஏ.யை மட்டும் தனியே பிரித்தெடுத்துச் சுத்தமாக்க வேண்டும். பாதித் தீர்ப்பு இங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் மேசையில் நடப்பது இது. குழாயிலிருந்து 200 மைக்ரோலீற்றர் இரத்தம் எடுப்பார்; நாலைந்து துளி அளவு. அதில் குவானிடினியம் தயோசயனேற்று என்ற உப்பின் அடர்ந்த கரைசலை ஊற்றுவார். கலங்கள் உடையும், புரதங்கள் உருக்குலையும், உள்ளே சுருண்டிருந்த டீ.என்.ஏ. வெளியே வரும். (இந்தக் கரைசலோடு குளோரின் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். கொவிட் நாட்களில் கண்டதையெல்லாம் குளோரினால் துடைத்த பழக்கத்தில், ஆய்வுகூடங்களில் இதைத் திரும்பத் திரும்ப எச்சரிக்க வேண்டியிருந்தது.) அடுத்து இந்தக் கலவையைச் சிலிக்கா வடி உள்ள ஒரு சிறு குழலில் ஊற்றிச் சுழற்றுவார். சிலிக்கா என்பது மணலின் மூலப்பொருள்தான். அந்த உப்பு மிகுந்த நிலையில் மட்டும் டீ.என்.ஏ. சிலிக்காவில் ஒட்டிக்கொள்ளும், மற்றவை கீழே இறங்கும். இரண்டு தடவை மதுசாரக் கரைசலால் கழுவுவார். மதுசாரம் மிச்சமிருந்தாலும் மெஷின் குழம்பும் என்பதால் உலர்ந்தும் தீர வேண்டும். கடைசியில் உப்பில்லாத நீர் போன்ற ஒரு திரவம் 100 மைக்ரோலீற்றர் விடுவார். பிடி தளர்ந்து டீ.என்.ஏ. அதில் இறங்கிவிடும். நிறமில்லாத, மணமில்லாத, பார்த்தால் வெறும் தண்ணீர்.

இரத்தினபுரிக்காரருக்கு இதைச் சொல்வது எளிது. மாணிக்கக் குழியிலிருந்து ஏற்றிய இல்லத்தை, அதாவது கல் கலந்த மண்ணை, கூடையில் போட்டு ஆற்றில் அலசும்போது கல் தங்கி மண் போகிறதே, அதே வேலைதான். வித்தியாசம், இங்கே அலசுகிறவர் கல்லைக் கடைசிவரை கண்ணால் காண்பதில்லை.

டீ.என்.ஏ.யை முதன்முதலாகப் பிரித்தவர் ஃபிரிட்ரிக் மீஷர் என்ற சுவிற்சர்லாந்துக்காரர். 1869இல், ஜேர்மனியின் தியூபிங்கன் நகரில், ஆஸ்பத்திரியில் கழற்றிப்போட்ட காயக்கட்டுகளின் சீழிலிருந்து எடுத்தார். சிலிக்காவையும் குவானிடினியத்தையும் சேர்த்து நோயாளி மாதிரிகளுக்கு ஏற்ற எளிய முறையாக 1990இல் வெளியிட்டவர்கள் ஆம்ஸ்டர்டாமின் ரெனே பூமும் அவரது சகாக்களும். இன்று பெரிய ஆய்வுகூடங்களில் சிலிக்கா பூசிய காந்தத் துகள்களை வைத்து ஒரே தடவையில் 96 மாதிரிகளை இயந்திரமே அலசிவிடுகிறது. அடிப்படை மாறவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு லெப்டோஸ்பைராவின் டீ.என்.ஏ. ஏறத்தாழ 46 இலட்சம் எழுத்து நீளம். மனிதக் கலம் ஒன்றில் இருப்பது 640 கோடி, அதாவது சுமார் 1,400 மடங்கு. அந்த 200 மைக்ரோலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் வெள்ளைக் கலங்கள் இருக்கும். ஆகவே குழலில் ஒட்டுவதில் கிட்டத்தட்ட எல்லாமே நோயாளியின் சொந்த டீ.என்.ஏ.தான், கிருமியுடையது அதற்குள் எங்கோ ஒரு பொட்டு. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் 100 கிருமிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எடுத்த 200 மைக்ரோலீற்றரில் இருபது இருக்கும். ஒன்றுகூட வீணாகாமல் 100 மைக்ரோலீற்றரில் இறங்கின என்றே வைத்தாலும், மெஷினுக்குள் போவது அதில் 5 மைக்ரோலீற்றர் மட்டும். இருபதில் ஒரு பங்கு. ஒரே ஒரு கிருமியின் டீ.என்.ஏ. கழுவலில் பாதி போயிருந்தால் அந்த ஒன்றும் சில வேளை இருக்கும், சில வேளை இராது. மெஷின் பொய் சொல்லவில்லை. அதன் கைக்கு வந்த ஐந்து மைக்ரோலீற்றரில் எதுவும் இல்லை, அவ்வளவுதான். நோயாளியின் உடம்பைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இழப்பு மேசையில் மட்டும் நடப்பதில்லை. பெரும்பகுதி தோட்டத்திலேயே நடந்துவிடுகிறது. காய்ச்சல் வந்த முதல் நாளே டிஸ்பென்சரிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். கொத்தமல்லி அவித்துக் குடித்து, பெனடோல் இரண்டு போட்டு, நாலாம் நாள் கெண்டைக்கால் வலியில் எழும்ப முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரி. தெரணியகலையிலோ இறக்குவானையிலோ உள்ளே தள்ளிக் கிடக்கும் ஒரு டிவிஷனில் இருந்து லயத்தை விட்டு இறங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டு, இரத்தம் எடுக்கும்போது ஆறாம் நாளோ ஏழாம் நாளோ ஆகியிருக்கும். அதற்குள் ஊசியும் ஏறியிருக்கும். மருந்து கிருமியைக் கொல்லத்தானே! அதன் வேலையை அது செய்திருக்கும்; பரிசோதனைக்குப் பிடிபட எதுவும் மிஞ்சியிருக்காது. பரிசோதனைக்காக மருந்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. அது மடத்தனம். பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) முன்காப்பாகக் கொடுத்த டொக்சிசைக்கிளின் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

குழாயின் மூடி நிறத்துக்கும் இதில் பங்குண்டு. ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமலிருக்க ஈ.டீ.டீ.ஏ. என்ற பொருள் இருக்கும். டீ.என்.ஏ.யைத் தின்னும் நொதியங்களுக்குத் தேவையான மக்னீசியத்தையும் அது கட்டிப்போடுவதால் இந்த வேலைக்கு அது தோது. பச்சை மூடியில் உள்ள ஹெப்பரின் கழுவியும் போகாமல் டீ.என்.ஏ.யோடு கூடவே வந்து மெஷினை மறிக்கும். எடுத்த இரத்தத்தை வெயில் படும் ஜன்னலோரம் வைக்கவும் கூடாது, நல்லெண்ணத்தில் ஃப்ரீசரில் உறைய வைக்கவும் கூடாது. உறைந்தால் சிவப்புக் கலங்கள் வெடித்து ஹீம் கொட்டும். சாதாரண பிரிட்ஜ் குளிரில், அதே நாளில் ஆய்வுகூடம் போய்ச் சேர்வதுதான் நல்லது. இரத்தினபுரியிலிருந்து கொழும்பு பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சுமார் 100 கிலோமீற்றர்.

டெங்குவில் கதை இன்னும் கடினம். அதன் வைரஸில் இருப்பது ஆர்.என்.ஏ. அதைச் சிதைக்கும் நொதியம் நம் விரல் நுனியிலேயே இருக்கிறது; கொதிக்க வைத்தாலும் எளிதில் சாகாத வகை. உறை மாட்டாத ஒரு விரல் பட்டால் மாதிரி போயிற்று. டெங்குவுக்கு அன்றாடம் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனையையே நம்பியிருப்பதற்கு விலையோடு இந்த அலைச்சல் இல்லாததும் ஒரு காரணம்.

பிரித்தெடுக்கும் வேலை சரியாக நடந்ததா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லையா? இருக்கிறது. நல்ல ஆய்வுகூடத்தில், இரத்தத்தோடு தொடக்கத்திலேயே தெரிந்த ஒரு டீ.என்.ஏ.யைச் சிறிதளவு சேர்த்துவிடுவார்கள். கடைசியில் மெஷினில் அது தெரிய வேண்டும். அதுவே தெரியாவிட்டால் வேலை எங்கோ கெட்டிருக்கிறது. அந்த முடிவை நெகட்டிவ் என்று எழுதக் கூடாது, "செல்லாது, மீண்டும் மாதிரி அனுப்புக" என்றுதான் எழுத வேண்டும். காசு கொடுத்துப் பரிசோதனை செய்கிறவர்கள் இந்தச் சோதனை உண்டா என்று கேட்பதில் தப்பில்லை.

மெஷின் வாங்கினால் ரிப்பன் வெட்டலாம், படம் பிடிக்கலாம். சிலிக்காக் குழலுக்கும் உப்புக் கரைசலுக்கும் யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. 2020இல் உலகமெங்கும் மெஷின்கள் இருந்தும், பிரித்தெடுக்கும் கிட் தீர்ந்துபோய் பரிசோதனை தேங்கி நின்றது. மாகாணத்துக்கு இன்னொரு மெஷின் கேட்பவர்கள், அதோடு வருஷம் முழுவதற்குமான கிட்டையும், மாதிரி கொண்டுபோகும் குளிர்ப்பெட்டியையும், அதற்கு ஒரு வாகனத்தையும், வேலை தெரிந்த ஆட்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தோட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. எதிர்ப்பொருள் பரிசோதனை உறுதியாக இருக்க வேண்டுமானால் முதல் இரத்தத்தோடு, பத்துப் பதினான்கு நாள் கழித்து எடுத்த இரண்டாம் இரத்தமும் வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு எதிர்ப்பொருள் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் ஊசி முடிந்து, துண்டு வெட்டி, வேலைக்குத் திரும்பியவர் அதற்காக மறுபடி ஒரு நாள் பேரை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போவாரா? அந்த இரண்டாம் இரத்தத்தைத் தோட்ட டிஸ்பென்சரியிலேயே எடுக்கலாம். அதற்கு டீ.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கும் வேலை எதுவும் தேவையில்லை. எதிர்ப்பொருள், டீ.என்.ஏ.யைவிட வழிப் பயணத்தைத் தாங்கும். வேண்டியது ஒரு சாதாரண குழாய், ஒரு பிரிட்ஜ், ஆஸ்பத்திரி துண்டில் இரண்டாம் இரத்தத்துக்கான தேதியை எழுதி அனுப்பும் பழக்கம். காய்ச்சல் தொடங்கிய நாளையும் அதே துண்டில் எழுதிவிட்டால், ஆய்வுகூடத்தில் இருப்பவர் எந்தப் பரிசோதனையை நம்புவது என்று அங்கேயே தீர்மானித்துவிடுவார்.