பீடத்தில் பொறித்திருப்பது

லண்டனுக்குப் போய்வருகிற நம்மவர்கள் டிராபால்கர் சதுக்கத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. லாண்ட்சீர் செய்த வெண்கலச் சிங்கத்தின் அருகில் ஒரு படம். நெல்சன் தூண் பின்னால் தெரிய ஒரு படம். வடக்கே தேசிய ஓவியக் கூடத்தின் வாசலில் ஒரு படம். ஊருக்கு வந்ததும் பயணக் கட்டுரை. என்ன விசாலம், என்ன அழகு என்று வியக்கிறார்கள். வியக்கட்டும், வியக்கத்தக்க இடந்தான்.

ஆனால் தூணுக்கு இருபுறமும் பீடங்களின்மேல் இரண்டு தளபதிகள் நிற்கிறார்களே, அவர்கள் யாரென்று கேட்டவர்கள் எத்தனை பேர்? ஒருவர் சார்லஸ் நேப்பியர். 1843-ல் சிந்து நாட்டைப் பிடித்தவர். மற்றவர் ஹென்றி ஹாவ்லக். 1857-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் படை நடத்தியவர். இந்தியாவில் நடந்த போர் என்றும் 1857 என்றும் ஹாவ்லக்கின் பீடத்திலேயே பொறித்திருக்கிறது. இதற்கு ஆராய்ச்சி வேண்டாம். கழுத்தைச் சற்றுத் திருப்பினால் போதும்.

"பழங்கதை இப்போது எதற்கு?" என்பார்கள். அந்தப் பழங்கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு. ஹாவ்லக்கோடு லக்னோவுக்குப் போய் அங்கே மாண்ட நீல், சென்னைப் படையைச் சேர்ந்தவன். அலகாபாத்திலும் கான்பூரிலும் அவன் செய்த கொடுமைகள் பிரசித்தம். அவனுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். அதை எடுக்கச் சொல்லி 1927-ல் சத்தியாக்கிரகம் செய்து பலர் சிறை சென்றார்கள். 1937-ல் ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகே அது பொருட்காட்சிசாலைக்குப் போயிற்று. அந்தச் சென்னைக்காரர்தாம் இன்று ஹாவ்லக்கின் காலடியில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்!

அப்படியானால் லண்டன் சிலையையும் எடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். நம் தெருவில் நம்மைக் கொன்றவனுக்கு மரியாதை தகாது. நீலை அகற்றியது நியாயம். அவர்கள் தெருவை அவர்கள்தாம் தீர்மானிக்க வேண்டும். 2000-ல் லண்டன் மேயராக இருந்த கென் லிவிங்ஸ்டன், இந்தத் தளபதிகள் யாரென்றே தமக்குத் தெரியாது, அகற்றிவிடலாம் என்றார். சர்ச்சை எழுந்தது, சிலைகள் நிற்கின்றன. நிற்பதே நல்லது என்பது என் கட்சி. வென்றவன் மறந்தால் அவனுக்கு நஷ்டமில்லை. தோற்றவனும் கூடச் சேர்ந்து மறந்துவிட்டால், அந்த இடத்தில் நடந்ததைச் சொல்ல அந்தப் பீடம் ஒன்றுதான் மிஞ்சும்.

இத்தனை பணம் செலவழித்து அவ்வளவு தூரம் போகிறவர், அதைப் படிக்க ஒரு நிமிஷம் செலவழிக்கக் கூடாதா?