முகமறியா வாணிபம்

சந்தைக்குச் சென்று பொருள் வாங்கிய காலத்தில் விற்பவன் முகமே அவனுக்குப் பிணையாக நின்றது. திருநெல்வேலிச் சந்தையிலே ஒருவன் சொத்தைக் கத்தரிக்காயை விற்பானாயின், மறுநாளும் அவன் அதே இடத்திலேதான் கடை பரப்பவேண்டும்; ஏமாந்தவரும் அவ்வழியே வருவார். இன்றோ இணையத்து வரிவிளம்பரங்களைப் பார்த்து மடிக்கணினி முதல் மோட்டார் வாகனம் வரை விலை பேசுகின்றோம். ஆங்கே முகமில்லை, ஊரில்லை. ஒரு படமும் ஒரு தொலைபேசி இலக்கமுமே உள. அவ்விலக்கமும் நாளை மாறிவிடலாம்.

பல்கலைக்கழகம் புகவிருந்த என் மாணவன் ஒருவன், பாதி விலைக்கு ஒரு மடிக்கணினி இருப்பதாக விளம்பரத்திற் கண்டான். “இன்னும் இருவர் கேட்கின்றனர், தம்பி, முற்பணம் அனுப்பினால் உமக்கே வைத்திருப்பேன்” என்றாராம் விற்பவர். தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் 20,000 ரூபாவை அவன் அனுப்பினான். அன்று மாலை முதல் அவ்விலக்கம் ஓய்ந்துவிட்டது.

“நேரிற் பார்க்கவேண்டுமென்று ஏன் கேட்கவில்லை, தம்பி?” என்றேன்.

“கேட்டால், தன்னை நம்பவில்லையென்று அவர் மனம் வருந்துவாரென நினைத்தேன், சேர்.”

இவ்விடை என் நெஞ்சை உறுத்திற்று. அவனைக் கெடுத்தது பேராசையன்று, கூச்சம். நாம் பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்த்த நற்பண்பையே வஞ்சகர் தமக்குத் துணையாக்கிக் கொள்கின்றனர்.

ஆதலின் ஒரு விதியை வீடுதோறும் வகுத்துக்கொள்ளல் நன்று: பணமும் பொருளும் ஒரே இடத்தில், ஒரே வேளையிற் கைமாறவேண்டும். காணாத பொருளுக்கு முற்பணம் இல்லை. சந்திக்கும் இடம் பகல்வேளையிற் பலர் நடமாடும் இடமாயிருக்கட்டும். துணைக்கு ஒருவரும் செல்லட்டும்.

மடிக்கணினியாயின் அரைமணி நேரமாவது இயக்கிப் பார்த்தல் வேண்டும். கைத்தொலைபேசியாயின் *#06# என அழுத்தினால் அதற்குரிய 15 இலக்க எண் தோன்றும். பெட்டியிலுள்ள எண்ணும் அதுவும் ஒத்திருக்கவேண்டும். வாகனமாயின் பதிவுச் சான்றிதழைப் படித்துப் பார்க்க. உரிமையாளராக லீசிங் கம்பனியின் பெயர் இருப்பின், அக்கடன் தீராமல் அவ்வாகனம் நமதாகாது.

விற்பவரும் விழிப்பாயிருத்தல் வேண்டும். “வங்கியிற் போட்டுவிட்டேன்” என்று பற்றுச்சீட்டின் படத்தை அனுப்புவோர் உளர். படத்தை எவரும் புனையலாம். தம் கணக்கிற் பணம் சேர்ந்ததை வங்கியிலோ வங்கிச் செயலியிலோ தாமே கண்ட பின்னரன்றிப் பொருளைக் கையளித்தல் ஆகாது. பணம் பெறுவதற்கு நம் கணக்கிலக்கமும் பெயரும் வங்கிக் கிளையும் போதும். நம் கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணைக் கேட்பவன் பணம் தர வந்தவனல்லன், எடுக்க வந்தவன்.

ஏமாற நேர்ந்தால் நாணி ஒளித்தல் கூடாது. உரையாடலையும் விளம்பரப் படத்தையும் பணம் அனுப்பிய சான்றையும் அழியாது வைத்து, வங்கிக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் உடனே அறிவித்தல் வேண்டும். அம்மாணவன் மூன்று வாரம் தாயாருக்கு மறைத்தான். அந்நாள்களே அவனுக்குப் பணத்தினும் பெரிய இழப்பாயின.

மற்றொன்றும் சொல்லவேண்டும். “நாளை வருகின்றேன்” என்று சொல்லி வாராதிருப்பதும், பேசிமுடித்த விலையை வாசலில் வைத்துக் குறைப்பதும், பழுதை மறைத்து விற்பதும் நம் வீடுகளிலும் நிகழ்வனவே. பிறர் நாணயத்தை அளக்குமுன் நம் சொல்லை நாம் காத்தல் வேண்டும்.

பொன்னை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதை எந்தத் தட்டாரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. கொண்டுவந்தவரும் முகம் சுளிப்பதில்லை. அவ்வாறே நேர்மையுடையார் நம் கேள்விக்கு வருந்தார். வருந்துவார் போல் நடிப்பவரை விட்டு விலகுக. பணிவாகக் கேட்பதும் பண்பே என்று நம் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லிவைப்போம்.