கபடிக் களமும் கணக்கு வகுப்பும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

“விளையாட்டு வினையாகும்” என்று பெரியோர் சொல்லி வைத்தனர். விளையாட்டு வித்தையும் ஆகும் என்பது என் கட்சி.

கணிதம், இயற்பியல் என்றாலே நம் கிராமத்து மாணவர் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. அதே மாணவர் மாலையில் கபடிக் களத்தில் இறங்கினால் தூரம், நேரம், வேகம் மூன்றையும் கண்ணாலேயே அளந்துவிடுகிறார். இதை அறிவுக் குறை என்பதா? அறிவு இருக்கும் இடத்துக்குப் பாடம் போய்ச் சேரவில்லை என்பதே உண்மை.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் கபடி அறியாத சிறுவர் உண்டா? அந்தக் களத்தையே எடுத்துக்கொள்வோம். ஆடவர் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஓர் அணியின் பாதி 6.5 மீட்டர். இருபுறமும் 1 மீட்டர் அகலத்தில் ‘லாபி’. தொடுதலோ பிடியோ நிகழும் வரை அதில் கால் வைக்கக் கூடாது. ஆகவே முதலில் ஆடும் பரப்பு 52 சதுர மீட்டர்; பிடி விழுந்தவுடன் 65. கூடியது எத்தனை விழுக்காடு? 25. விழுக்காட்டுக் கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே தேடுவது?

நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் இருப்பது ‘பாக் லைன்’. அங்கிருந்து ரைடர் நேரே திரும்பினால் 3.75 மீட்டர்தான். பிடிப்பவர்கள் வழிமறிக்க, 5 மீட்டர் பக்கவாட்டில் ஒதுங்கிச் சாய்வாக ஓடினால்? பித்தாகரசைக் கேளுங்கள்: 6.25 மீட்டர். 3, 4, 5 என்னும் பழைய முக்கோணமே சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறது!

இயற்பியலுக்கும் பஞ்சமில்லை. 70 கிலோ எடையுள்ளவர் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடினால் அவரது உந்தம் 280. அவரை அரை நொடியில் நிறுத்தச் சராசரியாக 560 நியூட்டன் விசை வேண்டும். சற்று இழுபட்டு ஒரு நொடியில் நிறுத்தினால் 280 போதும். நியூட்டனே 1672-இல் ஒளியைப் பற்றி எழுதிய கடிதத்தில், டென்னிஸ் பந்து வளைந்து செல்வதை எடுத்துக்காட்டினார். மேதைக்கு இழிவாகத் தோன்றாதது நமக்கு ஏன் இழிவாக வேண்டும்?

“பாடத்தை முடிக்கவே நேரமில்லை” என்பர் ஆசிரியர். நியாயமே. ஆனால் விளையாட்டுப் பிரிவேளையைக் கணக்குக்குப் பறித்துக்கொள்ளும் வழக்கத்தை நான் படித்த பள்ளியில் கண்டிருக்கிறேன். களத்தை இழந்தோம்; கணக்கும் பலருக்கு வரவில்லை. நான் கேட்பது விளையாட்டு நேரத்தை அல்ல, கணக்கு நேரத்தில் வாரம் ஒன்றை. தேசியக் கல்விக் கொள்கையும் (2020) உள்நாட்டு விளையாட்டுகள் உட்பட விளையாட்டை இணைத்துக் கற்பிக்கும் முறையைப் பெயர் சொல்லியே பரிந்துரைக்கிறது. ஏட்டில் இருப்பது மண்ணுக்கு வர வேண்டாமா?

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கணக்கில் ‘கிரிக்கெட்’ என்ற சொல்லைச் செருகிவிட்டால் போதாது. மாணவரே கயிறு பிடித்து அளக்க வேண்டும், கைப்பேசியில் நேரம் குறிக்க வேண்டும். வளர்ந்தபின் மைதானத்தை விட்டு ஒதுக்கப்படும் பெண்களுக்கும் அங்கே சம இடம் வேண்டும். மகளிர் களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். அதன் கணக்கையும் போடுவோம். இல்லாவிடில் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் புது வழி திறந்தவர்களாவோம்.

என் பெற்றோர் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அல்லர். எங்கள் போன்ற வீடுகளில் பாடத்தில் ஐயம் வந்தால் கேட்க ஆள் இல்லை. வகுப்பில் புரியாதது என்றும் புரியாததாகவே நின்றுவிடும். அத்தகைய பிள்ளைக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தெரியாததற்குப் பாலம் போடுவது சலுகை அன்று, கல்வியின் கடமை.

ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பாகூரில் ஒரு வித்தியாஸ்தானம் இருந்ததையும், அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதையும் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு சொல்கிறது. அந்த மண்ணின் பிள்ளைகளுக்காக நாம் ஊர்களைக் கொடுக்க வேண்டாம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் ஒரு மாலையைக் கொடுப்போம். ஒரு நாடா, ஒரு கயிறு, கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் போதும். ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால், கோடு போட நாங்கள் தயார்!