இரவலும் துறவும்

வீட்டைத் துப்புரவாக்கும் கலையைப் போதிக்கும் உபதேசிகள் இன்று பெருகிவிட்டனர். மனத்துக்கு மகிழ்ச்சி தராத பொருளை வீட்டில் வைத்திராதே என்னும் யப்பானியப் பெண்மணி மரியே கொண்டோவின் போதனை உலகெங்கும் விலைபோயிற்று. வேண்டாததைக் கழிப்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அப்போதனையின் வாலைப் பிடித்துக்கொண்டு நம்மவர் சிலர் புதியதொரு நியாயம் பேசுகின்றனர்: "இரவல் வாங்கிப் பத்து வருஷமாயிற்று. கொடுத்தவர் கேட்கவில்லை. இனித் திருப்பிக் கொடுக்கப் போவதும் வெட்கம். கழித்துவிட்டால் மனப்பாரம் குறையும்."

யாருடைய மனப்பாரம்?

கொடுத்தவர் ஏன் கேட்கவில்லை என்பதை ஆராய்வோம். பெரிய இடத்தில் வாங்கிய பொருள் மறுநாளே துடைக்கப்பட்டுத் திரும்பிச் செல்கிறது. கூலித் தொழிலாளியிடம் வாங்கிய மண்வெட்டி, மாணவனிடம் வாங்கிய புத்தகம், அயல்வீட்டு விதவையிடம் கலியாணத்துக்கென வாங்கிய கிடாரம், இவையே நம் வீட்டு மூலைகளில் வருஷக்கணக்காகத் தங்கிவிடுகின்றன. மாணவன் வாத்தியாரிடம் எப்படிக் கேட்பான்? தொழிலாளி படலைவரை வருகிறான், மழையைப் பற்றிப் பேசுகிறான், திரும்பிப் போகிறான். அந்த மௌனத்துக்கு மறதி என்று பெயரிட்டது மத்தியதர வர்க்கத்தின் வசதியான கண்டுபிடிப்பு. ஆசிரியர்களாகிய நாமும் அந்த வர்க்கத்தவரே என்பதை இங்கே மறைப்பானேன்?

தன் பொருளில் பற்றை விடுபவனைத் துறவி என்கிறோம். பிறர் பொருளில் பற்றை விட்டேன் என்று சொல்லி, அதைப் பழைய பேப்பர்காரனுக்கு நிறுத்துக் கொடுப்பவனை என்னவென்பது? போனால் போகட்டும் என்று சொல்லும் உரிமை கொடுத்தவனுக்கு மட்டுமே உண்டு.

நூல்கள் விஷயத்தில் இது இன்னும் பாரதூரமானது. 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய சிறு வாசிகசாலையே யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. 1981இல் அது எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அதன்பின் பல பழைய நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் எஞ்சியவை வீடுகளிற் சிதறிக்கிடந்த பிரதிகளே. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் அத்தகைய பிரதிகளைத் தேடிப் பக்கம் பக்கமாகப் பதிவுசெய்து வருகிறது. நீங்கள் நிறுத்துக் கொடுக்கும் கட்டில் கடைசிப் பிரதி ஒன்று இல்லையென்று யார் உறுதி கூறுவார்? நாளை அது கடலைச் சரையாக உங்களிடமே திரும்பி வரலாம்.

1995 இடப்பெயர்வோடு உரியவர் ஊரை விட்டே போய்விட்டார் என்பர். கனடாவுக்குப் போனவரின் தொலைபேசி இலக்கம் அவருடைய ஒன்றுவிட்ட தம்பியிடம் இருக்கும். கேட்டுப் பார்க்கலாம். இறந்தவருக்குப் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கும் வேண்டாமெனின் ஊர் வாசிகசாலை உண்டு. உரியவர் பெயரை முதற் பக்கத்திலிருந்து கிழிக்காமற் கொடுக்கவேண்டும்.

நமது அலுமாரியிலும் ஒன்று இருக்கிறது. ஒரு கிராமத்து வாசிகசாலையின் முத்திரை பதித்த நாவல். திருப்பவேண்டிய திகதி 1978 என்று மங்கிய மையில் தெரிகிறது. அந்த வாசிகசாலை இன்றும் திறந்திருக்கிறது. பின்னேரங்களிற் பையன்கள் அங்கே பத்திரிகை வாசிக்கின்றனர். வருகிற சனிக்கிழமை கொண்டுபோகிறோம். தண்டப்பணம் எவ்வளவென்று கேட்கவேண்டும்.