பத்தாயத்தில் நெல், பட்டினியில் தாய்!

நஞ்சை கொழிக்கும் தஞ்சை! ஊருக்கெல்லாம் சோறிடும் காவிரிச் சீமை! இச்சீமையிலேதான், நடவு நட்டுத் திரும்பும் நிறைசூலியைப் பார்த்து, "பார்த்துச் சாப்பிடு; பிள்ளை பெருத்தால் பேறு கடினம்" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். பிள்ளை எட்டாம் மாதத்திலேயே பிறந்து, இராசா மிராசுதார் மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டியிலே மூச்சுக்குத் திணறும்போது, "தலையெழுத்து" என்கிறார்கள்!

எழுதிய கை எது? சோற்றைக் குறைத்த கையன்றோ?

1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானியர் உணவை மறித்ததால் ஹாலந்து பட்டினியில் வாடிற்று. கருவின் கடைசி மூன்று மாதங்கள் பசியில் கிடந்த தாய்மாரின் குழந்தைகள் ஏறத்தாழ 300 கிராம் எடை குறைந்து பிறந்தன. அங்கே பகை செய்ததை இங்கே பாசம் செய்கிறது!

எடை குன்றிய தாய்க்கு 37 வாரம் நிறையுமுன் பேறு நேரும் வாய்ப்பு மிகுதி என்கிறது மருத்துவம். குறைமாதக் குழந்தைக்கோ நுரையீரல் முதிர்ந்திராது. உடற்சூட்டைக் காக்கக் கொழுப்பிராது. பாலை உறிஞ்சவும் வலுவிராது. மெலிந்தவள் கருவுற்றால் பன்னிரண்டரை கிலோவேனும் எடை ஏறவேண்டும். (மிகுபருமனும் தீங்கே, இரத்தக்கொதிப்பும் நீரிழிவும் அதன் பின்னே வரும். அதற்கும் பட்டினி மருந்தன்று.)

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் ஏழைத் தாய்க்கு அரசு தரும் உதவி 2018-இல் 18,000 ரூபாயாயிற்று. ஊட்டச்சத்துப் பெட்டகமும் அதிலே அடக்கம். பெட்டகம் வீட்டுக்கு வருகிறது. அவள் வாய்க்கு வருகிறதா? வளைகாப்பன்று வகைவகையாய்ச் சோறாக்கி ஊரை உண்பிக்கிறோமே, மறுநாள் அவள் இலையில் எத்தனை பிடி வைக்கிறோம்?