பேட்டரி மறுசுழற்சி ஆலை: ஊரைக் கேட்காமல் உலை மூட்டக் கூடாது

பேட்டரி மறுசுழற்சி நாட்டுக்குத் தேவை. ஆனால் பொது விசாரணை நடத்தாமல், சுற்றுவட்டாரத்தின் மண்ணையும் நீரையும் குழந்தைகளின் இரத்தத்தையும் முன்கூட்டிப் பரிசோதித்து வைக்காமல், தெலங்கானாவில் எந்த பேட்டரி மறுசுழற்சி ஆலைக்கும் இசைவாணை தரக் கூடாது. ஹைதராபாத்திலும் செகந்திராபாத்திலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் அமைப்பாகிய நாங்கள் கூடிப் பேசி எடுத்த நிலைப்பாடு இது.

மகபூப்நகர் மாவட்டம் திவிட்டிப்பள்ளியில் பேட்டரித் தொழிலுக்கென்றே ஒரு தொகுப்பு உருவாகி வருகிறது. அங்கே லித்தியம் செல் ஆலை அமைக்க அமர ராஜா நிறுவனம் 2022 டிசம்பரில் மாநில அரசோடு ஒப்பந்தம் செய்தது. பத்தாண்டுகளில் 9,500 கோடி ரூபாய் முதலீடு என்றார்கள். 2025 மே மாதம் அதே வளாகத்தில் லோஹம் நிறுவனத்தின் கனிமச் சுத்திகரிப்பு, பேட்டரி மறுசுழற்சி ஆலைக்கும் அடிக்கல் விழுந்தது. ஐ.டி. பூங்கா வரும் என்று சொன்ன இடத்தில் லித்தியம் ஆலையா என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டார்கள். அப்படிக் கேட்கிறவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று ஒதுக்குவது சுலபம். அந்தப் பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. அவர்களுடைய பயத்துக்கு ஹைதராபாத்தின் வாசலிலேயே சாட்சி இருக்கிறது.

பட்டான்செருவில் 1970களில் தொழிற்பேட்டை வந்தது. மருந்து, ரசாயன ஆலைகளின் கழிவு நக்காவாகு ஓடையில் கலந்தது. கிணறுகள் கெட்டன, வயல்கள் கருகின. வைத்தியம் பார்க்க வந்த நோயாளிகளிடமிருந்தே ஊரின் நிலையைப் புரிந்துகொண்ட டாக்டர் அல்லானி கிஷன் ராவ் ஊர் மக்களைத் திரட்டிப் போராடினார். 1990இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு, 2001இல் ஆந்திர உயர் நீதிமன்றத்துக்கும் பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் கைமாறி, 2017இல்தான் தீர்ப்பைக் கண்டது. இடையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். 2007இல் வெளியான ஓர் ஆய்வு அந்த நிலையத்திலிருந்து சுத்திகரித்து வெளியேற்றப்பட்ட நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இருந்ததைக் காட்டியது. மாத்திரை சாப்பிடும் நோயாளியின் இரத்தத்தில் சேரும் அளவைவிட அது அதிகம். வழக்கு தொடங்கிய ஆண்டில் பிறந்த பிள்ளை தீர்ப்பு வந்தபோது 27 வயது ஆள். "நெறிமுறைப்படி எல்லாம் நடக்கும்" என்று அதிகாரி சொன்னால் ஊர் நம்பாமல் இருப்பதில் என்ன தப்பு?

இன்னொரு சாட்சி, நகரத்தின் தெற்கே இருக்கும் காட்டேதான். சின்னச் சின்ன உலோக ஆலைகள், பேட்டரிப் பட்டறைகள் என்று நெருக்கியடித்த பகுதி. அங்கே மண்ணில் ஈயம் இயல்பைவிடப் பல மடங்கு தேங்கியிருப்பதை, இதே ஊரில் இருக்கும் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் 2008இலேயே எழுதிவிட்டார்கள்.

ஈயம் ஆலைச் சுவரோடு நிற்பதில்லை. பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் இடத்தில் வேலை பார்க்கும் தகப்பன் குளிக்காமல், உடுப்பு மாற்றாமல் வீடு திரும்பினால், சட்டை மடிப்பில் ஒட்டிய தூசு பிள்ளை தவழும் தரையில் உதிர்கிறது. பிள்ளை அந்தத் தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர் உடம்பு ஏற்பதைப்போல நான்கைந்து மடங்கைக் குழந்தையின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. இந்தியாவில் மட்டும் சுமார் 27.5 கோடிப் பிள்ளைகளின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருப்பதாக யுனிசெஃப் 2020இல் மதிப்பிட்டது.

லித்தியம் ஆலைகளில் ஈயம் உருக்குவதில்லை என்பது உண்மை. அங்கே கவலை வேறு. பழைய செல்லில் மிச்சமிருக்கும் மின்சாரம் தீ மூட்டும். அதன் மின்பகுபொருள் ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற கொடிய வாயு கிளம்பும். 2024 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் ஃப்ரெடரிக்டவுனில் ஒரு பேட்டரி மறுசுழற்சி ஆலை எரிந்தபோது அருகிலிருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். பிறகு பக்கத்து ஓடையில் மீன்கள் செத்து மிதந்தன.

அப்படியானால் ஆலையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்று எங்கள் கூட்டத்திலும் சிலர் கேட்டார்கள். அதற்கு நாங்கள் உடன்படவில்லை. நம் வீட்டு இன்வர்ட்டர் பேட்டரி செத்ததும் காயலான் கடைக்குப் போகிறது. முறையான ஆலை இல்லாத இடத்தில் அது யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் அடுப்பேறும். செனகல் நாட்டின் தியாரோயில் பழைய பேட்டரி ஈயம் கலந்த மண்ணைக் கிளறிச் சலித்ததில் 2007, 2008 வாக்கில் 18 குழந்தைகள் இறந்தார்கள். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்ததை ஆதரிக்கிறோம். முறையான ஆலை வரட்டும். எங்கே, எப்படி என்பதை அங்கே வாழ்கிறவர்களையும் உட்காரவைத்து முடிவு செய்ய வேண்டும்.

இதைத் தவிர்க்கச் சட்டத்தில் ஒரு பொந்து இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, அங்கீகரித்த தொழிற்பேட்டைக்குள் வரும் திட்டங்களுக்குப் பொது விசாரணையிலிருந்து விலக்குத் தர வழி வைத்திருக்கிறது. தமிழர்களுக்கு இது புதிதல்ல. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் விரிவாக்கத்துக்கு மக்களைக் கேட்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது 2018 மே 23 அன்று. ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள் மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள். உயிர்கள் போன பிறகு வந்த உத்தரவு முன்னாலேயே வந்திருக்க வேண்டும். ஆகவே தொழிற்பேட்டைக்குள்ளே இருக்கிறது என்ற காரணத்தைக் காட்டி எந்த பேட்டரி ஆலைக்கும் விசாரணையைத் தவிர்க்கக் கூடாது. தாக்க மதிப்பீட்டின் சுருக்க அறிக்கை மட்டுமல்ல, முழு அறிக்கையும் தெலுங்கில் வேண்டும்.

உலை பற்றுவதற்கு முன்பே ஊரின் நிலையைப் பதிந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்குக் கிணற்றில் ஈயமோ நிக்கலோ வந்தால், முன்பே இருந்ததுதான் என்று ஆலை கைவிரிக்கும். மண்ணையும் நீரையும் ஆராயப் புவி இயற்பியல் நிலையம் இருக்கிறது, இரத்தத்தைச் சோதிக்கத் தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. வெளியூருக்கு ஓட வேண்டியதில்லை. ஆய்வுச் செலவை ஆலை தர வேண்டும். முடிவுகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

இன்னொன்று பணம். கலிஃபோர்னியாவின் வெர்னன் நகரில் எக்ஸைட் நிறுவனத்தின் ஈய மறுசுழற்சி ஆலை 2015இல் மூடப்பட்டது. அதைச் சுற்றிச் சுமார் 2.7 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏறக்குறைய பத்தாயிரம் வீட்டு மனைகள் ஆய்வுக்குள் வந்தன. 2020இல் அந்நிறுவனம் திவால் வழக்கு வழியாக ஆலை இருந்த இடத்தையே கைகழுவியது. சுத்தம் செய்யும் செலவு மக்கள் வரிப்பணத்தில் விழுந்தது. அதனால் ஈயம் உருக்கும் எந்த உலையும் குடியிருப்புக்கும் ஏரிக்கும் மூன்று கிலோமீட்டருக்குள் வரக் கூடாது என்கிறோம். எந்த வகை ஆலையானாலும், மூடினால் இடத்தைச் சுத்தம் செய்ய ஆகும் தொகையை இசைவாணை கேட்கும்போதே வைப்புத்தொகையாகக் கட்ட வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளைத் தெலங்கானா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மகபூப்நகர் கலெக்டருக்கும் எழுத்தில் கொடுக்கிறோம். விசாரணை வைத்தால், அதன் அறிவிப்புக்குப் பின் கிடைக்கும் முப்பது நாள் அவகாசத்துக்குள் அறிக்கையைப் படித்து ஊர்க்காரர்களுக்கு விளக்க எங்கள் டாக்டர்களும் ரசாயனப் பொறியாளர்களும் வருவார்கள். விசாரணை இல்லாமல் சுற்றுச்சூழல் அனுமதி வந்தால், பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்ய விரும்பும் கிராமத்தாருக்கு வழக்குச் செலவில் எங்கள் அமைப்பு பங்கேற்கும்.