பி.டி. பீரியடு எல்லாப் பிள்ளைக்கும்தான்

எங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்துல விளையாட்டு பீரியடு வந்தா ஒண்ணு ரெண்டு பிள்ளைங்க மட்டும் வேப்பமரத்தடியில பைக்கும் செருப்புக்கும் காவல் உட்கார்ந்திருக்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளை, ஓரிடத்துல நிலைக்காத துறுதுறு பிள்ளை. கேட்டா, "அதுக்கு ஆட்டம் புரியாதுங்க, அடிபட்டா யாரு பதில் சொல்றது?" என்கிறார்கள்.

அத்தனை பிள்ளைக்கும் ஒரே வாத்தியார், பயம் நியாயம்தான். ஆனா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 16-வது பிரிவு, படிப்போட விளையாட்டு வாய்ப்பும் சமமா கொடுக்கணும்னு சொல்லுது. ஆட்டிசமும் அந்தச் சட்டத்துல அடக்கம்.

இதுக்குப் பெரிய செலவு இல்லீங்க. விசில் சத்தம் சில பிள்ளைகளுக்குக் காதைக் கிழிக்கும். அவங்களுக்குக் கொடி காட்டலாம். அடுத்து என்ன ஆட்டம்னு முன்னாடியே படம் போட்டுச் சொல்லலாம். கபடியில மேல விழுந்து பிடிக்கிறது ஒத்துக்கலைன்னா டயர் உருட்டட்டும், பாண்டி ஆடட்டும். துணைக்கு ஒரு கூட்டாளியைச் சேர்த்துவிடலாம்.

ஒரே வயல்லயே மேட்டுக்கு ஒரு மாதிரி, பள்ளத்துக்கு ஒரு மாதிரிதானே தண்ணி கட்டுறோம்? செருப்பு எங்கயும் ஓடிப்போகாது, பிள்ளைங்க ஓடட்டும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல பெத்தவங்க எழுந்து இதைக் கேளுங்க.